கவிதாவிடம் சொன்ன பொய்

நான் பொய் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி அழிந்தது. என் பதவி உயர்ந்தது. இதை உங்களிடம் சுற்றி வளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியில் இருக்கிறது எங்கள் நிறுவனம். ஆய்வுக்கூடங்களில் உயிருள்ள செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவத்தைத் தயாரிக்கிறோம். மீடியா என்போம். இன்று நான் அதன் நிர்வாக இயக்குநர். அன்று உற்பத்தி மேலாளர்.

ஒருமுறை, சரக்கு போன பிறகு செய்த சோதனையில் கிருமி தெரிந்தது. திரவத்தைக் கலங்கச் செய்யாமல், செல்களை மெல்லக் கொல்லும் இனம். திரும்பப் பெற வேண்டும். பெற்றால், புதிய தொழிற்கூடத்தின் பொறுப்பு எனக்குக் கிடைக்காது... சோதித்தவள் நான்தான். வாய் திறக்கவில்லை.

திருப்பதியிலிருந்து கவிதா தொலைபேசியில் அழைத்தாள். ஆராய்ச்சி மாணவி; பாலசமுத்திரத்துக் கூலிக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. தமிழில் பேச ஆள் கிடைத்ததென்று என்னை அக்கா என்பாள்.

"செல்லெல்லாம் செத்துக்கினே இருக்குதுக்கா. மீடியால எதனா இருக்குமா?"

"மத்த எடத்துல எல்லாம் நல்லா வளருது. உன் கைதான் சுத்தமில்ல."

நம்பிவிட்டாள்! அதே குப்பிகளைக் கொண்டே திரும்பத் திரும்ப முயன்றாள். பேராசிரியர் எல்லோர் முன்னும் திட்டினார். படிப்பை விட்டுப் போனாள் என்று எங்கள் விற்பனையாளர் சொன்னபோது, நான் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். எப்படி முடிந்தது என்னால்?

அண்மையில் இன்னொரு சரக்கில் சந்தேகம் எழுந்தது. "கஸ்டமர் மேல தள்ளிடலாம் மேடம்" என்றார் இளம் மேலாளர் ஒருவர். என் நிழலில் வளர்ந்தவர் வேறு எதைக் கற்றிருப்பார்? சரக்கைத் திரும்பப் பெற்றேன். பழையதையும் இயக்குநர் குழுவிடம் சொன்னேன். வெளியே பேசாதீர்கள் என்றார்கள். பேசுவேன் என்றேன். பதவி நிலைக்குமா, தெரியவில்லை. நிலைக்காவிட்டால் போகட்டும்.

கவிதா இப்போது ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டாள். அழவில்லை, திட்டவுமில்லை.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? எங்க சார்கிட்ட போய் சொல்லு. அவர் இன்னா சொன்னாருன்னு வந்து சொல்லு."

அக்கா என்ற சொல் அதில் இல்லை.

திருப்பதிக்குப் போனேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எந்தக் கவிதா?" என்றார். ஊரைச் சொன்னேன், அவள் ஆராய்ந்ததைச் சொன்னேன், அவர் திட்டியதையும் சொன்னேன்... நினைவில்லை அவருக்கு. எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள் என்று சொல்லி எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

என் பதிலுக்காக அவள் காத்திருக்கிறாள். நாளை மீண்டும் பாலசமுத்திரம் போகிறேன். அவர் வருந்தினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மனம் சற்றே ஆறலாம்...

சொல்ல மாட்டேன். நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன், அவள் முகத்தைப் பார்த்து.