வரிசையில் நிற்க மறுத்தவள்

வரைவைத் திருத்துகிறவர், மூல வாசகத்தை ஒற்றைக் கோட்டால் மட்டுமே அடிக்க வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். திருத்திய ஒவ்வொரு இடத்திலும் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அலுவலக நடைமுறையில் இதைவிட எளிய விதி கிடையாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தேன். இந்த விதியை மீறியதற்காக ஏழு பேரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறேன். எட்டாவதாக விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் நானாக இருப்பேன் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எச்சரிக்கை இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு போடியில் என் வீட்டுக்கு மனு எழுதிக்கொள்ள ஆட்கள் வருவார்கள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை. எதிரே ஏலக்காயைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வெடித்தது தனி, வெளுத்தது தனி, சல்லடையில் தங்குகிற பெருங்காய் தனி. அவர்களில் ஒருவர் ஒரு மத்தியானம் தெருவைக் கடந்து வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கையில் ஒரு நீள நோட்டு.

"சார், ஒரு எழுத்து வேலை."

"எந்த ஆபீசுக்கு?"

"ஆபீசுக்கு இல்ல. பத்திரிகைக்கு."

"என்ன புகார்?"

"புகாரா? கதை சார்."

ஒரு பத்திரிகை அறிவியல் புனைகதைப் போட்டி வைத்திருந்தது. அறிவிப்பைக் கத்தரித்து நோட்டுக்குள் வைத்திருந்தார். தாளின் ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு, தெளிவான கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோட்டில் இருந்ததோ பென்சில் எழுத்து, இரண்டு பக்கமும், ஓரத்திலும்கூட. தெருவில் நல்ல கையெழுத்து யாருக்கு என்று விசாரித்துத்தான் வந்திருக்கிறார். முடிவுத் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

கதை இதுதான். வரப்போகும் ஒரு காலம். மலைத் தோட்டங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மணிக்கட்டில் ஒரு செப்பு வளையம். பதினைந்து வயதானதும் எல்லோரையும் ஒரு பிரம்மாண்டமான சல்லடையில் ஏற்றுகிறார்கள். அதில் தங்குகிறவர்களைப் பச்சை நிலாவில் உள்ள தோட்டத்துக்குக் காய் பறிக்க அனுப்புகிறார்கள். போனவர்கள் வருவதில்லை. சல்லடை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் விளிம்பைத் தாண்டிக் குதித்து ஓடுகிறாள். அவளைத் தேடி மோப்ப இயந்திரங்கள் பறக்கின்றன. பறப்பவை மேலிருந்துதான் பார்க்கும். ஏலச்செடியின் இலைக்கு அடியில் குனிந்து ஓடுகிறவளைப் பார்க்காது. காய் உலர்த்தும் கூடத்தில் ஈரக்காய்க் குவியலுக்குள் மூன்று நாள் கிடக்கிறாள். அந்த வாசனையில் எந்த இயந்திரத்துக்கும் மூக்கு வேலை செய்யாது. முப்பத்தைந்து வருடம் அந்த வாசனையில் கிடந்தவருக்கு மட்டுமே தோன்றும் யோசனை. கடைசியில் மலை உச்சியின் எல்லைச் சாவடி, போடிமெட்டு கேட். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் எல்லாம் மலை ஏறிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் கீழே இறங்குகிறாள்.

எனக்குக் கதை பிடித்துவிட்டது. அங்கேதான் தவறு ஆரம்பித்தது. பிடிக்காத கோப்பை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை; அப்படியே மேலே அனுப்பிவிடுவேன்.

கேட் வரைக்கும் எழுத்துப் பிசகாமல் நகலெடுத்தேன். அதற்குப் பிறகு கை நகரவில்லை. பதினைந்து வயதுப் பெண், ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எல்லையைக் கடக்கிறாள். காகிதம் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மேசைக்கு முன்னால்தான் நின்றார்கள். அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பியவனும் நான்தான். இவளையும் அப்படி விடக்கூடாது என்று தீர்மானித்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவளைக் காப்பாற்றினேன். கேட்டில் இருந்த அதிகாரியிடம் அவள் இரண்டு பிரதிகளில் மனுக் கொடுத்தாள். ஒப்புகை பெற்றாள். பெஞ்சில் காத்திருந்தாள். கள விசாரணை நடந்தது. வளையத்தை அகற்றியும் சல்லடையை நிறுத்திவைத்தும் ஆணை பிறந்தது. பதினோரு பக்கம். ஆணை என்ற அளவில் இன்றும் அதில் குறை சொல்ல முடியாது.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒளிநகல் ஒன்றை எடுத்து வைத்தேன். சுத்தப் பிரதி அனுப்பியாகிவிட்டால் வரைவை அழிக்க வேண்டும் என்பது பழக்கம். நோட்டு அன்றைக்கே பழைய பேப்பர்காரரின் சாக்கில் போனது.

மறுநாள் ஒளிநகலை அவரிடம் கொடுத்தேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. டீ நேரத்தில் கிட்டங்கியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் தெருவைக் கடந்து வந்தார். பின்னால் இரண்டு பேர், முந்தானையில் காய்த் தூசியோடு.

"சார், என் புள்ள எங்க?"

"எந்தப் பிள்ளை?"

"கேட்டத் தாண்டி ஓடுச்சே, அது. நீங்க எழுதுனதுல வேற ஏதோ ஒரு புள்ள பெஞ்சுல உக்காந்திருக்கு."

"ரசீது வேற வாங்கிருக்கு ஆத்தா," என்றார் பின்னால் நின்றவர்களில் மூத்தவர். "பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க சார், தொலைச்சிறப் போகுது."

"சட்டப்படி போனால் அவளுக்குப் பின்னால் தொந்தரவு வராதும்மா," என்றேன்.

"சட்டப்படி போறதுக்கு எதுக்கு சார் கதை? அதுக்குத்தேன் தாலுகா ஆபீசு இருக்கே. அவ ஓடணும் சார். நீங்க கொண்டுபோயி வரிசைல நிக்க வச்சுட்டீக."

அவர் கையை நீட்டினார்.

"சரி, நோட்டக் குடுங்க."

எங்கே போயிற்று என்று சொன்னேன். பின்னால் நின்ற இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஒளிநகலின் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"எனக்குப் பதினஞ்சு வயசுல தோட்டத்து ஜீப்பு வந்து நின்னுச்சு சார். ஏறுன்னாக. ஏறிட்டேன். நான் ஓடல. இவளாவது ஓடட்டும்னுதேன் எழுதுனேன்."

பிறகு எழுந்து நின்றார். "முடிவுத் தேதிக்கு இன்னும் எத்தன நாளு?"

"மூன்று."

"அப்ப நாளைக்கு மத்தியானம் கிட்டங்கிக்கு வாங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. சொன்னத மட்டும்."

போட்டியின் நிபந்தனைகளை மறுபடி படித்தேன். ஒருவர் ஒரு படைப்பு மட்டுமே அனுப்பலாம். அனுப்பியதை மாற்றவோ திரும்பப் பெறவோ இயலாது. 'இயலாது' என்று முடிகிற விதியை எழுதுகிறவர் வேறெங்காவது ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பார் என்பது என் அனுபவம். அது கடைசி வரியில் இருந்தது. 'இது முழுவதும் என் சொந்தப் படைப்பே' என்ற உறுதிமொழியை இணைக்க வேண்டும். அது பொய்யென்றால் படைப்பு செல்லாது.

மறுநாள் கிட்டங்கியில் ஒரு மூட்டை மேல் அட்டையை வைத்து எழுத உட்கார்ந்தேன். அவர் காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார். மற்றவர்களும் பொறுக்கிக்கொண்டே திருத்தினார்கள். மாதக்கணக்கில் வேலைக்கு நடுவே கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் கதை மனப்பாடம்.

"ரோட்டு வழியா ஏன் எறங்குறா? பதினேழு வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் ஆளு நிப்பான். குரங்கணிப் பாதைல விடு ஆத்தா."

"குரங்கணில போனா கேட்டு எப்புடிக்கா வரும்? கேட்டத் தாண்டணும்ல."

"அதுவும் சரிதேன். அப்ப வெரசா எறங்கச் சொல்லு. பனி வெலகுறதுக்குள்ள."

கேட் வந்தது. கம்பத்தில் கட்டிய மோப்ப இயந்திரம் கீழ்நோக்கித் திரும்புகிறது. அவள் பச்சைக்காயை நசுக்கி வளையத்தில் அப்பிக்கொள்கிறாள். அடுத்து என்ன என்று பேனாவோடு காத்திருந்தேன்.

"அவ கேட்டுக் கம்பிக்கடியில குனிஞ்சு ஓடுனா. அம்புட்டுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"கம்பிக்கடியில போக எம்புட்டு நேரம் சார் ஆகும்?"

என் பதினோரு பக்கம் ஒரு வரியாயிற்று. அதிலும் பழக்கதோஷத்தில், 'ஓடினாள்' என்பதற்குப் பிறகு 'திரும்பிப் பார்த்தாள்' என்று கை எழுதிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

"திரும்பிப் பாக்குறாளாமே?"

"பாக்க மாட்டா," என்றார் அவர். "அடிங்க சார்."

ஒற்றைக் கோட்டால் அடித்தேன், படிக்கும்படி. தாளை அவரிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, அடித்த இடத்தில் தன் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் போட்டார். இரண்டு மத்தியானத்தில் வேலை முடிந்தது. அப்படி ஆறு இடத்தில் அவர் சுருக்கொப்பம் இருந்தது. என்னுடையது ஒன்றும் இல்லை.

இணைப்புக் கடிதம் நான் எழுதியது. 'முன்பு வந்த பிரதியில் இறுதிப் பகுதி நகலெடுத்தவரால், ஆசிரியரின் ஒப்புதலின்றி, சுருக்கொப்பமின்றி மாற்றப்பட்டது. ஆகவே அது ஆசிரியரின் படைப்பல்ல. ஆகவே ஆசிரியர் இதுவரை எதையும் அனுப்பவில்லை. இத்துடன் உள்ளதே அவர் அனுப்பும் முதலும் ஒரேயொரு படைப்புமாகும். தவறு முழுவதும் கீழே கையொப்பமிட்டவனுடையது.' இந்தக் கடைசி வாக்கியத்தை என் பணிக்காலத்தில் பலரை எழுத வைத்திருக்கிறேன். நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பேனாவில் கோளாறு ஒன்றும் இல்லை. முடிவுத் தேதிக்குள் விரைவுத் தபாலில் போயிற்று.

பதில் இல்லை. பதினைந்தாம் நாள் முதல் நினைவூட்டு. மாதம் முடிந்ததும் இரண்டாவது. பிறகு மூன்றாவது. பத்திரிகைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தினமும் மத்தியானம் தெருவுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வரும்.

"வந்துச்சா சார்?"

"நடவடிக்கையில் இருக்கும்மா."

"நடவடிக்கைன்னா என்னா?"

"யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்."

ஒருநாள் அவர் கேட்கவில்லை. நேரே உள்ளே வந்தார். விரைவில் முடிவு வரும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணுக்குப் பரிசு வந்துவிடுமோ என்பது அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான். நான் வெளியே சொல்லவில்லை.

"மூணு நினைவூட்டு அனுப்பியாச்சுல்ல சார்? நாலாவது நான்தேன். இங்கேருந்தே மெட்ராசுக்கு ரயிலு விட்டுட்டாகளே. போயிட்டு வர்றேன்."

எல்லா நகல்களையும் தேதிவாரியாகத் தைத்து, மேலே ஒரு அட்டவணை ஒட்டிக் கொடுத்தேன். வரவேற்பில் உட்காரச் சொன்னால் பொறுமையாக உட்காருங்கள், ஒப்புகை வாங்காமல் எழாதீர்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெஞ்சு தெரிந்தது.

நாலாம் நாள் திரும்பி வந்து சொன்னார். "உக்காரச் சொன்னாக. உக்காரல. ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன். அங்கிட்டு ஒரு பொம்பளப் புள்ளதேன் கதையெல்லாம் பாக்குது. என்னாம்மான்னுச்சு. ரெண்டு கவரும் ஒரே அலமாரில கெடக்கு சார், பிரிக்காம. ரெண்டுல எது ஒங்களுதுன்னு கேட்டுச்சு. கேட்டுல அவ என்னா செய்யறான்னு பாரும்மா, ஓடுனான்னா என்னுது, மனுக் குடுத்தான்னா எங்க சாரோடதுன்னேன்."

"அதற்கு என்ன சொன்னார்?"

"சிரிச்சுச்சு. முடிவு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, எழுதி அனுப்புவோம்னுச்சு."

எழுதி அனுப்புவோம் என்ற சொற்றொடரை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆகவே நம்பவில்லை. ஐந்தாவது நினைவூட்டுக்கு வரைவு தயார் செய்தேன்.

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. தபால்காரர் கொடுத்த உறையில் என் முகவரி இருந்தது, பெயர் அவருடையது. பிரிக்காமல் கிட்டங்கிக்குக் கொண்டுபோனேன். அவர் கையைத் துடைத்து, ஓரத்தைக் கிழித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். முதல் பிரதி தள்ளப்பட்டது. இரண்டாவது பிரதியே அவருடைய படைப்பாகப் போட்டியில் சேர்க்கப்பட்டது. பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கதையை அச்சிட விரும்புகிறார்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல்.

"தப்பிச்சுட்டா," என்றார் மூலையில் இருந்த மூத்தவர், சல்லடையை நிறுத்தாமல்.

வீட்டில் நான் இன்னும் ஒரு தபால் வரவுப் பதிவேடு வைத்திருக்கிறேன். கதை எழுதியவர் அதைக் கொண்டுவரச் சொன்னார். பதில் பெறப்பட்டது என்று நான் எழுதினேன். பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் இட்டு, தேதியையும் அவரே போட்டார்: மார்ச் பதினொன்று.