பழுதாக மறுத்த மோட்டார் சைக்கிள்

அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேனாவைத் தவிர வேறெதையும் கழற்றிப் பூட்டியதில்லை. அறுபது வயதுக்கு மேல் என்னைத் துருவுக்குள் இறக்கியவர் எங்கள் பங்குச் சுவாமி.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் பெரிய சலவை இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது. படுக்கையில் கிடப்பவர்களின் விரிப்புகளை மூன்று சிஸ்டர்மார் உவர்த்தண்ணீரில் கையால் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி இரண்டு ஞாயிறு பூசையில் இதைச் சொல்லி உருகினார். சனம் நன்றாக அழுதது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில் நானாட்டான் ஊர் நெல்லுக் கமக்காரர் ஒருவர் தன் கொட்டிலில் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிளை இல்லத்துக்குத் தானம் செய்தார். உண்மையில் அவருக்குக் கொட்டில் துப்புரவாக வேண்டியிருந்தது. பெற்றோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார். பிறகு பின்சில்லில் நாடா மாட்டி, நெல் தூற்றக் காற்றாடி சுற்றியிருக்கிறார். நாங்கள் போனபோது ஆசனத்தில் கோழி அடைகிடந்தது. குஞ்சு பொரிக்கும்வரை தொடக்கூடாது என்றார். இரண்டு கிழமை காத்திருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் என் நண்பனும். அவன் படகு எஞ்சின் திருத்துபவன். விடத்தல்தீவில் பிறந்தவன். சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போய், நெடுங்காலம் அங்கிருந்துவிட்டு மன்னார் ரவுணுக்குத் திரும்பியிருந்தான். பிறந்த ஊருக்கு மட்டும் போகவில்லை. கேட்டால் "நேரமில்லை மச்சான்" என்பான். என் வீட்டில் நாளுக்கு மூன்று முறை தேத்தண்ணி குடிக்க அவனுக்கு நேரமிருந்தது.

தரையில் ஓடும் எஞ்சின்களை அவன் மதிப்பதில்லை. "சுத்திவரத் தண்ணியில்லாமல் ஓடுறதெல்லாம் ஒரு எஞ்சினோ?" என்று சொல்லிக்கொண்டே கழற்றினான். நான் தேய்த்தேன். கிடைக்காத ஸ்பிரிங் ஒன்றை என் மனைவியின் தையல் மெஷினிலிருந்து எடுத்தோம். மூன்றாம் நாள் அவள் கண்டுபிடித்தாள். அந்தக் கிழமை முழுதும் எனக்குச் சோறு மட்டுந்தான், கறியில்லை. படகுக்கு அடிக்கும் நீலப் பெயின்ற் பூசினோம். ஆறாம் மாதம் அது இருமி, புகைத்து, ஓடியது.

அதைப் பரிசாக வைத்து லொத்தர் போட்டால் ஒருவரும் ரிக்கற் எடுக்கவில்லை. "இது ஓடுமோ?" என்பதே எல்லோருடைய கேள்வியும். சுவாமி யோசித்தார்.

"சனத்துக்கு இதில விசுவாசம் இல்லை. அப்ப நாங்கள் அவிசுவாசத்தை விப்பம்."

விதி இதுதான்: மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம்வரை ஓட்டுவோம். எந்த இடத்தில் பழுதாகும் என்று சரியாக எழுதியவருக்கு வண்டி சொந்தம். பழுதாகாமல் போய்ச் சேர்ந்தால் ஏலத்தில் விற்போம். ரிக்கற் பறந்தது. என் மனைவி 'எங்கட படலை' என்று எழுதினாள்; வீட்டு வாசலையே தாண்டாது என்பது அவள் கணிப்பு. இல்லத்துத் தலைமை மதர் 'விடத்தல்தீவு' என்று எழுதினார்.

"மதர், நீங்களுமோ?"

"தர்மத்துக்குத்தானே."

அவன் ஓட்டினான், நான் பின்னால் இருந்தேன். சுவாமியும் மதரும் நடுவர்களாக இல்லத்து வான் ஒன்றில் ஏறித் தொடர்ந்தார்கள். வழிநெடுகச் சனம் தாங்கள் எழுதிய இடத்தில் கதிரை போட்டுக் காத்திருந்தது. வண்டி தாண்டிப் போகப் போக முகங்கள் தொங்கின. விடத்தல்தீவுச் சந்தியில் அவன் கழுத்து விறைத்தது.

"மெல்லமாப் போவன், ஒருக்காப் பாப்பம்" என்றேன்.

"மெல்லமாப் போனா நிண்டதெண்டு மதர் சொல்லிப்போடுவா."

திரும்பியும் பார்க்காமல் போனான்.

இலுப்பைக்கடவையில் மீன் முதலாளி ஒருவர் தெருவை மறித்து, "இளநீர் குடிச்சிட்டுப் போங்கோ தம்பியவை" என்று அன்போடு தானே சாவியைத் திருப்பி நிறுத்தினார். அவர் எழுதிய இடம் அதுதான். குடித்து முடித்து அவன் ஒரே உதையில் ஸ்ராட் பண்ணினான். இளநீருக்குக் காசு கேட்கலாமா என்று முதலாளி யோசித்ததை நான் கண்டேன்.

போய்ச் சேரும் என்று எவரும் நினைக்காததால் வெள்ளாங்குளத்தில் எங்களை வரவேற்க ஒரு நாய் மட்டும் நின்றது.

திரும்பும்போது விடத்தல்தீவுச் சந்தியில் அவன் சொல்லாமல் ஊருக்குள் திருப்பினான். "இனி நிண்டா ஒருத்தரும் வெல்லேலாது" என்றான். அவனுடைய வாப்பாவின் வீட்டுக்குக் கூரையில்லை. கூடத்துக்குள் வேம்பு ஒன்று வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. அவன் கிணற்றுக்கட்டில் போய்க் குந்தினான். தோள் குலுங்கியது. நான் வண்டியைத் துடைத்தேன்.

வானிலிருந்து இறங்கி வந்த மதர் வீட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"நான் எழுதின இடத்திலதானே நிண்டிருக்கு" என்றார்.

அவன் அழுதுகொண்டிருந்தவன், சிரித்துவிட்டான். சுவாமி உடனே, "திரும்பி வாற வழியில நிண்டது செல்லாது மதர்" என்று தீர்ப்புச் சொன்னார்.

சலவை இயந்திரம் வந்தது. ஏலத்தில் வண்டியை அவனே எடுத்தான். மறுவருடம் வாப்பாவின் வீட்டுக்கு ஓடு போட்டுக் குடிபோனான். இப்போது அந்த மோட்டார் சைக்கிளில்தான் மன்னாருக்கு வேலைக்கு வந்து போகிறான். கிழமைக்கு இரண்டு முறையாவது வழியில் பழுதாகி நிற்கிறது. எனக்கு ரெலிபோன் அடிக்கிறான். ஸ்பானர் சாவிப் பெட்டியோடு ஓட்டோவில் போய், தெருவோரம் குந்தியிருந்து, அவன் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறேன்.