கிழவிக்குக் கட்டிய புடவை

பத்து வயதில் எனக்கு இரண்டு ஊர்ப் பண்டிகைகள் மனப்பாடம். ஒன்று நாங்கள் இருந்த, தங்கச் சுரங்கம் மூடிப்போன சாம்பியன் ரீப்ஸ். இன்னொன்று இத்தாலியில் ஏதோ ஒரு மலையடிவாரத்துச் சின்ன ஊர். அதன் பெயர் அம்மா சொன்னால் ஒரு மாதிரியும் அத்தை சொன்னால் வேறு மாதிரியும் இருக்கும். அந்த ஊரில் வயதான ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என் அம்மா போயிருந்தாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவளுக்கு ஏஜெண்ட் ஒருவர் காட்டிய வழி அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வீடியோவில் வருவாள். அங்கே அது மத்தியானம், அந்த அம்மாள் தூங்கும் நேரம். அதனால் என் அம்மாவின் குரலை நான் கிசுகிசுப்பாகவேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா, படித்தாயா என்ற இரண்டும் முடிந்துவிட்டால் எங்களுக்குள் பேச ஒன்றும் மிஞ்சாது. அதனாலோ என்னவோ, அந்த ஊர்ப் பண்டிகைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். குளிர் தொடங்கும்போது தெருவில் அடுப்பு மூட்டி, ஓட்டை போட்ட பெரிய சட்டியில் ஒரு கொட்டையை வறுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பார்களாம். கிறிஸ்துமஸுக்குக் காட்டிலிருந்து பாசியைப் பெயர்த்து வந்து குடில் கட்டுவார்களாம். வருஷப் பிறப்பன்று பருப்பு சாப்பிட்டால் செல்வம் கொழிக்குமாம். இதைக் கேட்ட அத்தை, அப்படியானால் தினம் பருப்பு தின்கிற நாம் மூடிப்போன சுரங்கத்தையே விலைக்கு வாங்கியிருக்க வேண்டும் என்றாள்.

ஒவ்வொரு பண்டிகையின் வாலிலும் ஒரு வாக்கு தொங்கும். இது முடியட்டும், வந்துவிடுகிறேன் என்பாள் அம்மா. கொட்டை வறுத்து முடிந்தது, குடில் கட்டி முடிந்தது. அம்மா வரவில்லை.

அப்பா வேலைக்காக விடிவதற்குள் பெங்களூர் ரயிலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். பஜாரில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்து விளக்குப் போடுவது நான். விளக்குப் போட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஜன்னலில் உட்கார்ந்தால், சுரங்கக் கழிவு மண் மலைபோலக் குவிந்த சயனைடு மேடு தெரியும். அது எங்கும் போகாது, அதைப் பார்க்க யாரும் வரவும் மாட்டார்கள். தனியாக இருந்தால் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பழகவே இல்லை.

ஜனவரி பிறந்ததும் அம்மா சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்த ஊரில் வைக்கோலால் ஒரு கிழவி பொம்மை செய்து, நிஜமான பழைய துணி உடுத்தி, கையில் துடைப்பம் கொடுத்து, ஊருக்கு வெளியே வயலில் வைத்துக் கொளுத்துவார்களாம். புகை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்த்து அந்த வருஷ விளைச்சலைச் சொல்வார்களாம்.

“குளிரத்தான் கெழவியா செஞ்சி கொளுத்தறாங்க. கெழவி எரிஞ்சா குளிர் போயிடும்” என்றாள். அப்புறம் வழக்கமான வால்: “அந்தம்மாவுக்கு நெஞ்சு சளி. இந்தக் குளிர் போவட்டும் கண்ணு, வந்துடறேன்.”

அடுத்த ஞாயிறு ஆசையாகக் கேட்டேன். கிழவியைக் கொளுத்தியாகிவிட்டது, ஆனால் குளிர் போகவில்லை, இன்னும் பனி கொட்டுகிறது என்றாள். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு கிழவி போதவில்லை. இன்னும் இரண்டு நாளில் எங்களுக்குப் போகி. எப்படியும், சுரங்கக் காலத்து வரிசை வீடுகளான எங்கள் லைனில் எல்லா வீட்டாரும் பழசைக் கொளுத்தப் போகிறார்கள். அந்தப் பக்கம் அவர்கள் கொளுத்திவிட்டார்கள், இந்தப் பக்கம் நாம் கொளுத்துவோம் என்று முடிவு செய்தேன்.

லைனின் கோடியில் மாடு வைத்திருந்த வீட்டில் கேட்டு வைக்கோல் வாங்கி வந்தேன். தேய்ந்த தென்னந்துடைப்பம் முதுகெலும்பானது, கிழிந்த தலையணை வயிறானது. கரியால் கண்ணும் மூக்கும் போட்டேன். பல் மட்டும் நிறையப் போட்டுவிட்டேன். துணிதான் சிக்கல். அத்தையிடம் இருந்தவை நாலே புடவைகள், ஒன்று குறைந்தாலும் வீடு இரண்டாகும். அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பச்சைப் புடவை இருந்தது. மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்ததால் அதுதான் இருப்பதிலேயே பழசு என்று எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் மடிப்பு வெளுக்கும் என்பது எனக்குத் தெரியாது. கட்டி முடித்ததும் கிழவி கொஞ்சம் அழகாகவே இருந்தாள். பாத்ரூமுக்குப் பின்னால் கோணி போட்டு மூடி வைத்தேன்.

போகி விடியலில் லைன்காரர்கள் பாய், முறம், கிழிந்த சாக்கு என்று கொண்டுவந்து போட்டு நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்து நின்றார்கள். அப்பா ரயிலுக்குக் கிளம்பி, தோளில் சாப்பாட்டுப் பையோடு ஒரு ஓரமாக நின்றார். நான் கிழவியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “யாருக்கும்மா கொடும்பாவி கட்டிகினு வந்துகீறே?” என்றார். நான் கிழவியை நெருப்பில் நிறுத்தினேன்.

வைக்கோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. புகை எந்தப் பக்கம் போகிறது என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை அலறினாள். “அடிப்பாவி, அது உங்கம்மா பொடவடி.”

பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு அப்பாவைப் பார்த்தார்கள், பிறகு நெருப்பைப் பார்த்தார்கள். இதில் அப்பாவைப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உயிரோடிருக்கும் ஒருத்தியின் புடவையைச் சுற்றிக் கொளுத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று பிறகு அத்தை என் முதுகில் நாலு வைத்துத்தான் விளக்கினாள். அதற்குள் அப்பா பையைக் கீழே போட்டுவிட்டு, வெறும் கையால் நெருப்புக்குள்ளிருந்து கிழவியை இழுத்துப் போட்டு மிதித்தார். பாதிப் புடவைதான் மிஞ்சியது. அன்று அவர் ரயிலுக்குப் போகவில்லை.

அது அப்பா பெங்களூரில் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த புடவையாம். அங்கே கொண்டுபோனால் வீணாகிவிடும், திரும்பி வந்து பொங்கலுக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று அம்மா வைத்துவிட்டுப் போனதாம். அத்தை இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா திட்டவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மிஞ்சியதை அவரே அலசிக் கொடியில் போட்டார்.

பொங்கல் வந்தது, பொங்கியது, நான் வாயில் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன். கட்டிக்கொள்ளப் புடவை இல்லையென்று அம்மா வராமலே இருந்துவிட்டால்? குளிரை விரட்டப் போய் அம்மாவையே விரட்டிவிட்டேனோ என்று தோன்றியது.

ஞாயிறும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு என் கையில் திணித்தாள். அம்மா கேட்டாள்:

“எந்தப் பொடவ?”

“பச்ச. அப்பா வாங்கிக் குடுத்தது.”

“அதுவா?” என்றாள். “போனா போவட்டும் விடு. எனக்கு இன்னாத்துக்கு இனிமே அது.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கிழவி நன்றாக எரிந்தாளா, புகை எந்தப் பக்கம் போனது என்றெல்லாம் கேட்டாள். நேராக மேலே போனது என்றேன். பல் நிறையப் போட்டுவிட்டதைச் சொன்னபோது, தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு நாளில் எங்களுக்குள் பேச்சு வற்றாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். எப்போது வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்க மறந்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா கதவோரம் நின்றிருந்தார். ஓடிப்போய், அம்மாவுக்குக் கோபமே இல்லை, புடவை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டாள் என்றேன். கேட்டேன் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். கொடியில் கிடந்த பாதிப் புடவையை எடுத்து, கட்டுப்போட்ட கையால் மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத அத்தை அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய தப்புக்கு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லையே, இவர்களுக்கு ஏன் அது சந்தோஷமாக இல்லை என்று நினைத்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்தேன். அன்று எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டது நான் ஒருத்திதான்.