காலிக் கருவறையில் பெண் கேட்டவர்

பேய், பிசாசு, சாமி வந்து பேசியது என்று எவனாவது ஆரம்பித்தால், "போய் வேலையைப் பாருய்யா" என்று விரட்டுகிறவன் நான். திண்டுக்கல் வெங்காய மண்டியில் கத்திக் கத்தியே தொண்டை கட்டியவன், கண்ணால் பார்க்காத சரக்குக்கு விலை சொல்ல மாட்டேன். நீங்கள் சிரித்தாலும் சரி, இது சத்தியம்.

என் மகனுக்குச் சென்னையில் பெண் பேசியிருந்தோம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று, பெண்ணைப் பெற்றவருக்குத்தான் எங்கள் ஊர் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர், "பூட்டையும் பிரியாணியையும் விட்டா இங்க என்ன சார் இருக்கு? தாயில்லாத பொண்ணு, யோசிக்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே அவரை மலைக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாயக்கர் காலத்து மதில், மைசூர்ப் படை நின்ற இடம், வெள்ளைக்காரன் பீரங்கி, அந்தப் பக்கம் சிறுமலை, அது மேலிருந்து வருகிற காற்று என்று ஒன்று விடாமல் காட்டினேன். மனுஷன் செல்போனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உச்சியில் ஒரு கோயில். உள்ளே சாமி கிடையாது, அம்மனை எப்போதோ ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் நாங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவோம். அவள் குடியிருந்த வீடு இல்லையா?

"காலி ரூமுக்கு எதுக்கு சார் மரியாதை?" என்று சொல்லிவிட்டு அவர் ஷூவோடு உள்ளே போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டால் சம்பந்தம் போச்சு, மகன் முகத்தில் எப்படி விழிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.

செத்த நேரத்தில் வெறுங்காலோடு வந்தார். ஷூ இரண்டும் என் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன! நம்பினால் நம்புங்கள், கயிற்று முடிச்சுகூட அவிழவில்லை. அதை அவிழ்த்துத்தான் திரும்ப மாட்டினார்.

"இருட்டுல முகம் சரியாத் தெரியல. உங்க வீட்டம்மா உள்ள இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே?" என்றார். என் மனைவி வீட்டில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன், வெறும் கல்சுவர், வேறு வழியும் கிடையாது.

"கையைப் பிடிச்சுக்கிட்டாங்க சார். 'ஏன் அப்பு யோசிக்கிறீக? குட்டிமாவ எங்க ஊருக்குக் குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்'னாங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றார். கண் கலங்கியிருந்தது. என் ஊரே வந்து என் மகனுக்குப் பெண் கேட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மருமகள் வந்த புதிதில் ஒருநாள், "சாப்டியா குட்டிமா?" என்று பாசமாகக் கேட்டேன். கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

"அம்மா நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிட்ட பேரு மாமா அது. அப்பாவுக்குக்கூடத் தெரியாதே, உங்களுக்கு யார் சொன்னா?"