காய்ந்தால் கறுக்கும் காகிதம்

சிர்வார்ட்டின் குளியலறைதான் அவளுடைய இருட்டறை. ஜோர்டானின் தலைநகர் அம்மானில், அஷ்ரஃபியா மேட்டு ஆர்மேனியர் தெருவில், அவள் கழுவிக் கொடுத்த படம் மாட்டாத வீடு குறைவு. இரண்டு வகைக் காகிதம் வைத்திருந்தாள். பிளாஸ்டிக் பூச்சுள்ளது சட்டென்று அலசிச் சட்டென்று காயும். பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போதும். மற்றது பூச்சில்லாத நார்க்காகிதம். ஒரு மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கிடக்க வேண்டும், இரவெல்லாம் காய வேண்டும். ஆனால் பேரன் காலத்துக்கும் மங்காது. யாரும் விதி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் உயிரோடு இருப்பவர்களுக்கு பிளாஸ்டிக், போய்ச் சேர்ந்தவர்களுக்கு நார் என்று ஆகிவிட்டிருந்தது.

அவள் கணவன் கார்பிஸ் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். மறுநாள் காலை அவனுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை. மதியச் சாப்பாடு முடிந்ததும், "என் படம் ஒண்ணு பெருசா போட்டுடு" என்றான், உப்பை எடு என்பதுபோல.

அவள் பிளாஸ்டிக்கில் போட்டு எடுத்து வந்தாள். அவன் படத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"என்னடி இது? நான் என்ன பாஸ்போர்ட் ஆபீஸுக்கா போறேன்?"

"காய நேரமில்ல."

"பொய் சொல்லாதே. ரெக்சினையும் தோலையும் தடவியே தேஞ்ச விரல் இது. நல்ல காகிதம் எனக்குக் கிடையாதா?"

"அது யாருக்குன்னு உனக்குத் தெரியும்."

"கீழ் வீட்டுக் கிழவி உம் நபீலோட செத்த புருஷன் மட்டும் கம்பீரமா சுவத்துல தொங்கணும், நான் ரெக்சின்ல கிடக்கணுமா?" சிரித்தவன் பாதியில் மூச்சுக்கு நின்றான்.

அவள் உள்ளே போய்த் தாழிட்டாள். நார்க்காகிதப் பெட்டியைத் திறந்தாள். நார்க்காகிதம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஈரத்தில் சற்று வெளிறியிருந்தால்தான் சரி. அப்படித்தான் போட்டாள். சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தட்டின் அடியில், கணவன் முகம் மெல்ல எழும்பி வந்தது. ரத்தமில்லாத முகம். தண்ணீருக்குள் கண் திறந்து கிடந்தது.

சரியான படம்தான். அதைக் கிழித்துப் போட்டாள். அடுத்த தாளுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தாள்; வெளிச்சம் கூடினால் படம் அழுத்தமாக வரும். இப்போது கன்னத்தில் உயிர் இருந்தது. காய்ந்ததும் இருளில் அமுங்கிவிடும் என்று அவள் கைக்குத் தெரியும். தெரிந்தும் அதையே அலசப் போட்டாள்.

மொட்டைமாடித் தொட்டிக்கு வாரம் ஒருமுறைதான் தண்ணீர். குழாய் ஓடிக்கொண்டே இருந்ததில் கீழ் வீட்டு ஜன்னலை உம் நபீல், 'நபீலின் அம்மா' என்று தெரு அழைக்கும் கிழவி, படாரென்று திறந்தாள்.

"ஏ சிர்வார்ட்! ஊர்த் துணியெல்லாம் நீதான் வெளுக்கறியா? இனி ஞாயித்துக்கிழமைதான் தண்ணி, ஞாபகம் இருக்கட்டும்!"

கார்பிஸ் பால்கனியிலிருந்து குனிந்தான். "துணி இல்ல உம் நபீல், என்னைத்தான் அலசுறா. அழுக்கு ஜாஸ்தி."

இத்தனை நேரம் அலசுவது எந்தக் காகிதம் என்று கிழவிக்குத் தெரியும். பிறகு, "போதலேன்னா என் தொட்டியிலயும் எடுத்துக்கம்மா" என்று குரல் தணிந்து வந்தது. அந்தக் கிழவி திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சிர்வார்ட்டுக்கு.

காலையில் படம் உட்புறமாகச் சுருண்டு காய்ந்திருந்தது. முகம் சுருளுக்குள். அவள் பார்க்காமலே குப்புற விரித்து, பழந்துணி சுற்றிப் பலகையடியில் வைத்தாள். மேலே கனம் வைக்க அவன் தையல் எந்திரத்தைத் தூக்கப் போனான்.

"விடு! செத்துத் தொலைக்கப் போறே!" என்று கத்தியவள், சொல் வாயைவிட்டுப் போனபின் உதட்டைக் கடித்தாள். தானே தூக்கி வைத்தாள்.

"நான் வந்துதான் இதை எடுப்பேன். நீ தொடாதே" என்றான் கார்பிஸ், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பையை எடுத்தபடி.

மாலையில் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்தது என்றார்கள். கண் திறக்க விடியும், அதற்குமேல் இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

உம் நபீல் சூப்புடன் வீட்டு வாசலில் காத்திருந்தாள். "படம் நல்லா வந்திருக்கா?"

"இன்னும் பாக்கல."

"பாத்துடுவோமே."

"வேண்டாம். அவன் வந்து எடுக்கட்டும்."

சூப் ஆறியது. படத்தின் சுருளை நிமிர்த்த எந்திரத்தின் கனமே போதும். ஆனாலும் சிர்வார்ட் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.