என் மண்சுவருக்கு அண்ணன் செய்த சிமெண்ட் சீர்

நேற்று சாயங்காலம் மதுரையிலிருந்து வந்து இறங்கினால், என் வீட்டுச் சுவரைக் காணோம்.

வீடு அங்கேதான் நிற்கிறது. மூன்று பக்கமும் சிமெண்ட் பூச்சு. ஈரம்கூடக் காயவில்லை.

தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊர் சிலமலையில் ஒரு வருடமாக வீடு கட்டுகிறேன். அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சமாகச் சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்தி எடுத்த கல். சூளை இல்லை, செங்கல் லோடு இல்லை. சாரல் அடிக்காதபடி கூரையை நன்றாக வெளியே நீட்டியிருக்கிறேன். பூச்சே தேவையில்லை.

நான் போடியில் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறவள். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிக்கிற கரியின் புகை போக, அந்தக் கல்லுக்குள்ளிருந்தும் கரியமில வாயு கிளம்பும். வருடா வருடம் போர்டில் எழுதுகிறேன். சொந்த வீட்டிலாவது குறைப்போம் என்று நினைத்தேன். (ஊர் எனக்கு வைத்த பெயர்: படிச்ச கிறுக்கு.)

மூன்று நாள் விடைத்தாள் திருத்தப் போனேன். அவ்வளவுதான்.

கொத்தனாரிடம் கேட்டேன். "யாரக் கேட்டுப் பூசுனீங்க?"

"அண்ணே வந்து நின்னாருக்கா. வெரசா முடின்னாரு."

"வீடு யாருது?"

"ஒங்களதுதான். அதுக்காக, அண்ணே சொன்னா எப்படிக்கா மறுக்க?"

ஒரு வருடமாக நான் சொன்னதற்கெல்லாம் "ஆகட்டும்க்கா" என்றவர்.

போன் போட்டதும் அண்ணன் வந்தார். முகம் பூராச் சிரிப்பு.

"புடிச்சிருக்கா தாயி? பால் காய்ச்சுறதுக்குள்ள முடிக்கணும்னு ஒரே ஓட்டம்."

"பூச வேணாம்னு எத்தன தடவண்ணே சொன்னேன்?"

"கூடப் பொறந்தவன் இருக்கும்போது தங்கச்சி வீடு மேல்துணி இல்லாம நின்னா, வர்ற சனம் என்னயத்தான கேக்கும்? அதான், இது என் சீரா இருக்கட்டும்னு."

"அப்ப நான் புகை, கரின்னு சொன்னதெல்லாம்?"

"நீ கையில காசில்லாம, வெக்கப்பட்டுக்கிட்டு அப்படிச் சொல்றேன்னுல்ல நெனச்சோம்."

நெனச்சோம். குடும்பமே உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். ஒரு பொம்பளை தான் படித்ததை நம்பி ஒரு சுவர் கட்டினால், அது இல்லாமையாகத்தான் இருக்க வேண்டுமா? இதையே ஓர் ஆம்பளை சொல்லியிருந்தால் இன்ஜினியர் யோசனை என்றிருப்பார்கள்.

"வேணாம்னா கொத்தி எடுத்துரச் சொல்லவா?" என்றார், பாவம்.

எடுத்தால் கல்லும் சேர்ந்து பெயரும். மேலே போன புகை திரும்பி சிமெண்ட் மூட்டைக்குள் வரப்போவதில்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"பின்பக்கம் மட்டும் பாக்கிக்கா. காலையில முடிச்சிருவோம்" என்றார் கொத்தனார்.

போய்ப் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அண்ணே, ஒங்க மாடி வேல எப்ப?"

"தை பொறந்ததும்."

"செங்கல் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லத்தா."

"சொல்லாதீங்க. மெஷினோட நான் வர்றேன். ஒங்க சீருக்குப் பதிலா, மாடிச் சுவர் பூரா என் செய்முறை. ஒரு கை சிமெண்ட் மேல பூசக் கூடாது."

"ஏய், எனக்கு எதுக்குத்தா அதெல்லாம்..."

"வெக்கப்பட்டுச் சொல்றீங்கண்ணே. எனக்குப் புரியுது."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அங்க நான் யாரு சொல்றதக்கா கேக்கணும்?"