வராத பார்ட்டி

நான் பொய் சொன்னேன். வீட்டை வாங்கப் பார்ட்டி வந்திருக்கிறது என்றேன். யாருமே வரவில்லை!

சேவூரில் எனக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருக்கிறேன். பின்னாலுள்ள ஓட்டு வீட்டில் வாடகைக்கு லோகு, அவன் மனைவி கஸ்தூரி, மகள் பவித்ரா. புருஷனும் பெண்டாட்டியும் குழித்தறியில் பட்டு நெய்கிறவர்கள். தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலை இறக்கி உட்கார்ந்து நெய்ய வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் மனை விலை கண்டபடி ஏறியது. நான் எதையும் விற்கவில்லை. என் சம்பளமும் அதேதான். ஆனாலும் பணக்காரனாகிவிட்டதாக ஒரு நினைப்பு... கடனில் கார் வாங்கினேன். ஏசி போட்டேன். தவணை கழுத்தைப் பிடித்தபோது லோகுவின் வாடகைமீது கண் போனது. சும்மா கேட்டால் கெஞ்சுவான். அதற்குத்தான் அந்தப் பொய்.

“நல்ல வெலைக்குப் பார்ட்டி வந்திருக்குப்பா. வாடகை கட்டுப்படியானா நான் ஏன் விக்கப்போறேன்?”

கஸ்தூரிதான் பேசினாள். “எங்கண்ணே போறது? தறிக்குப் பள்ளம் தோண்டணும்னா எந்த ஓனரு வுடுவான்? எல்லாரும் டைல்ஸ் போட்டுகினு இருக்காங்க.”

அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே கேட்டேன்! அவர்களால் நகர முடியாது என்பதுதான் என் தைரியம்.

இரண்டு முறை ஏற்றினேன். அவர்கள் வீட்டில் முதலில் பால் நின்றது. பிறகு கறி. அப்புறம் பவித்ராவின் நர்சிங் படிப்பு... முதல் வருடத்தோடு சரி. இப்போது ஆரணியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். அவள் வேலைக்குப் போன அதே மாதம் நான் காருக்குப் புது சீட் கவர் போட்டேன். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேட்கக்கூட எனக்கு அலுப்பாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பவித்ராவின் பிறந்தநாள். கஸ்தூரி அவளை அழைத்துக்கொண்டு வந்தாள்.

“மாமா கால்ல வுழுந்து கும்புட்டுக்கோ. அவ்ளோ வெலைக்குப் பார்ட்டி வந்தும் நமக்கோசரம் விக்காம வச்சிகினு இருக்காரு.”

அந்தப் பெண் விழுந்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்...

“நல்லா இரும்மா” என்றேன்.

மறுநாள் லோகு வாடகை கொண்டுவந்தான். வாங்கிக்கொண்டேன்.